இரட்டை பிக் பிளாக் வேகப்படகு: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் முறை

இந்தக் குறிப்பு 1990களில் அமெரிக்காவில் கட்டப்பட்ட 28 முதல் 33 அடி வேகப்படகுகளுக்கானது. பின்பக்கம் இரண்டு மெர்க்ரூசர் 454 அல்லது 502 கன அங்குல பெட்ரோல் எஞ்சின் ('பிக் பிளாக்' எனப்படும் பெரிய வி8), மேலே கார்புரேட்டர், தண்டர்போல்ட் என்ற மின்னணு இக்னிஷன், எஞ்சினுக்கு ஒன்றாக, திறனை ப்ரொப்பல்லருக்குக் கடத்தும் பிராவோ ஒன் டிரைவ். ஏரியிலும் கடலிலும் இன்றும் நிறைய ஓடுகின்றன. வாங்கியவர்கள் முதலில் செய்வது குதிரைத்திறனைக் கூட்டுவது. அதற்குப் பிறகு வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எஞ்சினுக்குள்ளே இருக்காது. பெட்ரோல் வரும் குழாய், தண்ணீர் வரும் குழாய், புகை போகும் குழாய், ப்ரொப்பல்லர் என்ற நான்கில் ஒன்றில் இருக்கும். எஞ்சின் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றுவது கடைசி வேலை.

தேவைப்படும் கருவிகள்: 0–15 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தமானி, வெற்றிடமானி, கம்ப்ரஷன் கேஜ், டைமிங் லைட், தொடாமல் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி, ஜிபிஎஸ், ஒரு கை நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பெட்ரோல் ஹோஸ்.

எஞ்சின் அறை மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளோயரை (எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறியை) 4 நிமிடமாவது ஓடவிட்ட பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். காருக்கான ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் விலை குறைவு, போல்ட்டும் பொருந்தும். ஆனால் அவற்றின் உள்ளே தெறிக்கும் பொறி வெளியே வரும். மூடிய அறையில் பெட்ரோல் ஆவி தேங்கி நிற்கும் படகில் அது வெடிகுண்டு. படகுக்கென்று செய்த, பொறி வெளியேறாத வகைதான் போட வேண்டும்.

இரட்டை எஞ்சினில் ஒரு வசதி உண்டு. சந்தேகப்படும் பாகத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி கையில் இருக்கிறது. காயில், இக்னிஷன் பெட்டி, டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டி) எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ப்ரொப்பல்லருக்கு மட்டும் பொருந்தாது. ஒன்று இடஞ்சுழி, மற்றது வலஞ்சுழி.

முழு த்ராட்டிலில் இரண்டு எஞ்சினும் ஒரே அளவு ஆர்பிஎம் குறைவு

இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் கெடுவது அரிது. காரணத்தைப் பொதுவான இடத்தில் தேடுங்கள். 454, 502 மேக்னம் வகைகளுக்கு முழு த்ராட்டில் எல்லை பெரும்பாலும் 4600–5000 ஆர்பிஎம். சுமை ஏற்றிய படகிலும் அந்த எல்லையின் மேல் பாதியைத் தொட வேண்டும். 4300லேயே நின்றுவிட்டால் ப்ரொப்பல்லரின் பிட்ச் (வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகம் என்று பொருள். ப்ரொப்பல்லர் பிட்ச் 1 அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும்.

படகை வேறு ஏரிக்குக் கொண்டுபோன பிறகு வந்த கோளாறா? கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1000 அடி ஏறும்போதும் எஞ்சின் ஏறத்தாழ 3 விழுக்காடு திறனை இழக்கும். 6200 அடிக்கு மேலே இருக்கும் லேக் டாஹோவில் இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அங்கே போனால் பிட்சையும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். பிட்சை மட்டும் குறைத்தால் பிளக் கறுத்துப் போகும். இதோடு படகின் அடியில் பாசி, பில்ஜில் (படகின் உள் அடிப்பகுதியில்) தேங்கிய தண்ணீர் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு எஞ்சின் மட்டும் பின்தங்குகிறது

முதலில் டேக்கோமீட்டரை நம்பாதீர்கள். பழைய டேஷ்போர்டு மீட்டர் 200 ஆர்பிஎம் பொய் சொல்வது சாதாரணம். அடுத்து, எஞ்சினை நிறுத்தி, த்ராட்டில் கம்பியை முழுக்கத் தள்ளச் சொல்லிவிட்டு கார்புரேட்டர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகள் நேர் செங்குத்தாக நிற்கின்றனவா? கம்பி நீண்டுபோய் தகடு முக்கால் வரை மட்டுமே திறக்கும் படகுகள் ஏராளம்.

அதுவும் சரி என்றால் கம்ப்ரஷன். எட்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலைத் திறந்துவைத்து, இக்னிஷனைத் துண்டித்துச் சுற்றுங்கள். மிகக் குறைந்த சிலிண்டர் மிக உயர்ந்ததில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

எஞ்சின் எண்ணெய் அதிகமாக ஊற்றியிருப்பதும் ஆர்பிஎம்மைத் தின்னும். டிரெய்லரில் முகம் தூக்கி நிற்கும் படகில் டிப்ஸ்டிக் பார்த்தால் தவறான அளவு காட்டும். தண்ணீரில் மிதக்கும்போது பாருங்கள்.

ஆர்பிஎம் ஏறுகிறது, படகு ஏறவில்லை

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்பிஎம்மை பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தையும் 1056ஐயும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் வழுக்கலே இல்லாத கற்பனை வேகம் மணிக்கு மைலில் வரும். 4800 ஆர்பிஎம், 24 அங்குலப் பிட்ச், 1.50 விகிதம் என்றால் 72.7 மைல். ஜிபிஎஸ் 65 காட்டினால் வழுக்கல் 10.6 விழுக்காடு, நல்ல படகு. 20ஐத் தாண்டினால் ஏதோ நழுவுகிறது.

ப்ரொப்பல்லரின் ரப்பர் ஹப்தான் முதல் சந்தேகம். உள் ஹப்பிலிருந்து வெளி உடல் வரை ஆணியால் ஒரே நேர்க்கோடு கீறிவிட்டு ஓட்டி வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ஹப் சுழன்றுவிட்டது. கோடு சேர்ந்தே இருக்கிறது, ஆனால் எஞ்சின் அறையில் எரிந்த ரப்பர் வாடை, ஃபிளைவீல் உறையின் அடியில் கறுப்புத் துகள் என்றால், எஞ்சினையும் டிரைவ் தண்டையும் இணைக்கும் எஞ்சின் கப்ளர். ஐடிலில் அது ஒழுங்காக இழுக்கும், சுமை ஏறியதும் வழுக்கும். புதுக் கப்ளர் போட்டுவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் அடுத்த சீசனில் அதுவும் போகும். அலைன்மென்ட் தண்டு (இதைச் சரிபார்க்கும் கருவி) கிம்பல் பேரிங் (டிரைவ் தண்டைத் தாங்கும் பேரிங்) வழியாகக் கப்ளருக்குள் இரண்டு விரல் அழுத்தத்தில் போக வேண்டும். முட்டினால் முன் மவுன்ட்டை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்யுங்கள்.

திருப்பத்தில் மட்டும் ஆர்பிஎம் எகிறினால் பாகம் எதுவும் கெடவில்லை. டிரிம் (டிரைவின் சாய்வு) மேலே இருப்பதால் ப்ரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. இறக்குங்கள்.

வேகம் பிடித்து அரை நிமிடத்தில் மூச்சுத் திணறுகிறது

இழுக்கும்போது நன்றாக இழுத்து, 4000க்கு மேல் சில நொடி ஓடியதும் சோர்ந்து, த்ராட்டிலைக் குறைத்தால் மீண்டும் உயிர் வருகிறது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் காலியாகிறது, நிரப்பும் வேகம் போதவில்லை. பலர் இந்த இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றி ஒரு வார இறுதியை வீணாக்குகிறார்கள்.

பம்ப்புக்குப் பிறகு அழுத்தமானியைப் பொருத்தி, படகைச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். 3 முதல் 7 பிஎஸ்ஐ நிலையாக இருக்க வேண்டும். திணறும் நேரத்தில் அழுத்தம் விழுந்தால், பம்ப்புக்கு முன்னால் வெற்றிடமானியையும் ஒளி ஊடுருவும் ஹோஸையும் சேர்த்துப் போடுங்கள். எந்த ஆர்பிஎம்மிலும் வெற்றிடம் 2 அங்குல பாதரசத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டேங்க் பக்கம் அடைப்பு. தாண்டாமல், ஹோஸில் குமிழி ஓடினால் எங்கோ காற்று புகுகிறது. இரண்டும் இல்லாமல் அழுத்தம் மட்டும் விழுந்தால் பம்ப்.

அடைப்பு என்றால் முதல் இடம், டேங்க்கின் மேல் ஹோஸ் சேரும் நிப்பிளுக்குள் இருக்கும் சைஃபன் தடுப்பு வால்வு. ஹோஸ் அறுந்தால் டேங்க் முழுவதும் பில்ஜுக்குள் கொட்டாமல் இருக்க வைத்த சிறு குண்டும் ஸ்பிரிங்கும் அது. துருவும் பிசினும் படிந்து குண்டு பாதிதான் நகரும். சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். குண்டை நோண்டி எறிந்துவிட்டு வெற்று நிப்பிளாகப் போடுவோரும் உண்டு, அது தீ விபத்துக்கு வழி. அடுத்தது டேங்க்கின் காற்றுக்குழாய். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் அங்கே சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. மூன்றாவது 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர். கழற்றியதைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்து, ஓர் அளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீருமாக அடியில் பிரிந்து நிற்கும். ஜாடியில் அடுக்கு தெரிந்தால் ஃபில்டரை மாற்றிப் பயனில்லை, டேங்க்கைக் காலிசெய்ய வேண்டும்.

பிராவோ டிரைவ் வரும் பல பிக் பிளாக்குகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் பிளாக்கில் இல்லை, கடல்நீர் பம்ப்பின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பெல்ட் நழுவினால் தண்ணீரும் பெட்ரோலும் சேர்ந்து குறையும். திணறலோடு சூடும் ஏறுகிறதா, முதலில் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய ஒளி ஊடுருவும் குழாயில் பெட்ரோல் தெரிந்தால் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. அதே நாளில் மாற்றுங்கள்.

திறன் கூட்டிய எஞ்சினுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 390 குதிரைத்திறனுக்கு முழு த்ராட்டிலில் மணிக்கு சுமார் 120 லிட்டர் போகும். 500க்கு 155 லிட்டர். பழைய 3/8 அங்குல ஹோஸும் முழங்கை இணைப்புகளும் அதற்குத் தாங்காது. டேங்க்கிலிருந்தே 1/2 அங்குலம் இழுங்கள்.

சூடு ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதுதான் கேள்வி. ஐடிலில் ஏறி ஓட்டத்தில் இறங்கினால் கடல்நீர் பம்ப்பின் இம்பெல்லர் (ரப்பர் இறக்கைச் சக்கரம்) தேய்ந்திருக்கிறது அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது. ஓட்டத்தில் ஏறினால் தண்ணீரின் அளவு போதவில்லை.

கடல்நீர் பம்ப்பின் உறிஞ்சும் ஹோஸை டிரான்சம் (படகின் பின்சுவர்) பக்கம் கழற்றி, 20 லிட்டர் வாளித் தண்ணீரில் முக்கி ஐடிலில் ஓட்டிப் பாருங்கள். வாளியிலிருந்து குடித்தபோது சூடு சரியாக இருந்தால் பம்ப் நல்லது, அடைப்பு டிரைவின் நீர்வழியிலோ உள்ளே வரும் ஹோஸிலோ. அந்த ஹோஸ் வெளியே புதிதுபோல் இருந்துகொண்டே உள்சுவர் உரிந்து வால்வு மாதிரி மடியும், அழுத்திப் பார்த்தால் தெரியாது. கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். வாளியிலும் சூடு ஏறினால் பம்ப்பைத் திறங்கள். இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு பம்ப்புக்கு அடுத்த கூலரின் வாயில்தான் இருக்கும், எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டு ஆவதில்லை. உறையின் உள்சுவரில் மணல் கீறிய பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால் உறையையும் மாற்ற வேண்டும்.

வெப்பமானியால் நான்கு எக்ஸாஸ்ட் ரைசரின் (மேனிஃபோல்டுக்கு மேலே புகையில் தண்ணீர் கலக்கும் வளைகுழாய், எஞ்சினுக்கு இரண்டு) சூட்டையும் அளந்து பாருங்கள். மூன்று ஒரே மாதிரி, ஒன்று மட்டும் 20 டிகிரி கூடுதல் என்றால் அந்த ரைசரின் நீர்வழி துருவால் அடைத்திருக்கிறது. உப்புநீரில் ஓடும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கும் ரைசருக்கும் ஆயுள் ஐந்திலிருந்து ஏழு வருடம். வெளியே பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வல்ல. கடல்நீர் நேராக ஓடும் எஞ்சினுக்கு 140 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 60 செல்சியஸ் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு மிக மேலே போனால் உப்பு படியும், மிகக் கீழே போனால் பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் சேர்ந்து பேரிங்கைத் தின்னும்.

கேம்ஷாஃப்ட் மாற்றிய பிறகு பிளக்கில் துரு, சிலிண்டரில் தண்ணீர்

மேம்படுத்தலில் மிக அதிகமாகப் பணத்தை விழுங்கும் கோளாறு இதுதான். காரில் அருமையாக ஓடும் கேம் படகில் எஞ்சினைக் கொல்லும். படகில் புகையைக் குளிர்விக்க ரைசரில் தண்ணீர் கலக்கிறார்கள். பெரிய கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். ஐடிலில் புகையின் தள்ளும் விசை குறைவு, இன்டேக் பக்கத்து வெற்றிடம் அந்தச் சில டிகிரியில் புகையைப் பின்னுக்கு இழுக்கிறது. புகையோடு நீர்த்துளியும் வருகிறது. முழு வேகத்தில் ஒன்றும் நடக்காது. துறைமுகத்துக்குள் அரை மணிநேரம் ஊர்ந்து வந்ததற்குத்தான் தண்டனை.

ஆனால் எல்லாத் தண்ணீரும் இந்த வழியாக வருவதில்லை. 7, 8ஆம் சிலிண்டர் மட்டும் ஈரம் என்றால் ரைசர் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள், ரைசர் பின்பக்கம் இருப்பதால் கசிவு பக்கத்துச் சிலிண்டருக்குள் இறங்கும். மேனிஃபோல்டைக் கழற்றி, நீர்வழியை மூடி, 15 பிஎஸ்ஐ காற்றடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முழு வேகத்திலிருந்து த்ராட்டிலைச் சட்டென மூடிய பிறகு மட்டும் வந்தால், பின்தொடரும் அலை புகைக்குழாய்க்குள் ஏறியிருக்கிறது. எக்ஸாஸ்ட்டின் ரப்பர் மடல்கள் எரிந்துபோயிருக்கும். இரண்டு வரிசையிலும் பல சிலிண்டர்களில் மெல்லிய செந்துரு, அழுத்தச் சோதனையில் கசிவே இல்லை என்றால்தான் கேமின் வேலை.

வழக்கமான வார்ப்பு மேனிஃபோல்டோடு, 0.050 அங்குல லிஃப்ட்டில் வால்வு 230 டிகிரிக்கு மேல் திறந்திருக்கும் கேமும் 110 டிகிரி லோப் இடைவெளியும் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் மையங்களுக்கு நடுவே உள்ள கோணம்) சேர்வது ஆபத்தான கூட்டு. கேம் வாங்கும்போது 112–114 இடைவெளியில் கேளுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டால் தண்ணீர் கலக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ரைசருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உயரம் கூட்டும் துண்டு, அல்லது உள்குழாய் நீளமாக உலர்ந்தே போகும் எஃகு ஹெடர். ஐடிலை 800–900க்கு ஏற்றுவதும் உதவும். ஆனால் கியர் போடும்போது டிரைவில் தட்டும் சத்தம் கூடும், அதற்குமேல் ஏற்ற வேண்டாம்.

ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை) பிளாக்கில், அதாவது 1991 முதல் சில வருடம் வந்தவற்றில், ராக்கர் ஆர்மைத் திருகி இடைவெளி வைக்க வழியில்லை. பெரிய கேம் போடுவதானால் சரிசெய்யும் ஸ்டட்டுக்கும் வால்வு ஸ்பிரிங்குக்கும் சேர்த்தே செலவு போடுங்கள். ஹாலி கார்புரேட்டர் என்றால் கியரில் ஐடில் வெற்றிடத்தை அளந்து, அதில் ஏறத்தாழ பாதி எண் உள்ள பவர் வால்வை (வெற்றிடம் தன் எண்ணுக்குக் கீழே விழுந்தால் திறந்து கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) போடுங்கள். வெற்றிடம் 8 அங்குலத்துக்கு இறங்கிய எஞ்சினில் 6.5 எண் வால்வை விட்டுவைத்தால் வெற்றிடம் ஆடும்போது ஐடிலிலேயே அது திறந்து கறுப்புப் புகை வரலாம்.

தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் பூட்டிக்கொண்டால் ஸ்டார்ட்டரை மறுபடி அழுத்தாதீர்கள், கனெக்டிங் ராடு வளையும். எட்டு பிளக்கும் வெளியே, இக்னிஷன் துண்டிப்பு, பிறகு சுற்றித் துப்பவிடுங்கள். எண்ணெய் மோர் நிறமாக இருந்தால் மாற்றி, கால் மணிநேரம் ஓட்டி, நிறம் தெளியும் வரை மறுபடி மாற்றுங்கள். உப்புநீர் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை.

சூடானதும் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது

நின்ற உடனே கார்புரேட்டர் வாயில் பாருங்கள். த்ராட்டிலை அசைக்கும்போது பெட்ரோல் பீய்ச்சுகிறதா? இல்லை என்றால் குழாயில் ஆவிப்பூட்டு (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பது), அரிசோனாவின் லேக் ஹவாசு வெயிலில் இது அன்றாடக் கதை. பீய்ச்சுகிறது, ஆனால் பொறி இல்லை என்றால் இக்னிஷன். காயிலிலிருந்து டேக்கோவுக்குப் போகும் சாம்பல் நிறக் கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடினால் கோளாறு மீட்டரில். ஓடாவிட்டால், தண்டர்போல்ட் 4 வகையில், டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் கம்பிகளைப் பிரித்து, சாவியை ஆன் செய்து, பெட்டிப் பக்கத்து வெள்ளை-பச்சைக் கம்பியை எஞ்சின் உடலில் தட்டுங்கள். புளோயர் ஓடிய பிறகு, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். காயிலில் பொறி வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் சென்சார் போயிற்று.

முழுச்சுமையில் கிடுகிடுச் சத்தம்

ஓட்டுவதை நிறுத்துங்கள். படகு எஞ்சின் மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும் லாரி மாதிரி, ஓய்வே கிடையாது. காரில் ஒரு நொடி வந்து போகும் நாக்கிங் இங்கே பிஸ்டனை உடைக்கும். தண்டர்போல்ட் 5 வகையில் அடிப்படை டைமிங் பார்க்க ஊதா-வெள்ளைக் கம்பியை எர்த்தோடு இணைக்க வேண்டும். இணைக்காமல் பார்த்தால் கணினியே டைமிங்கை ஆட்டும், நீங்கள் வைத்த எண் பொய். தண்டர்போல்ட் 4 பெட்டியில் வி8-24 என்று இருந்தால் அது 24 டிகிரி கூட்டும், 8இல் வைத்தால் மொத்தம் 32. கம்ப்ரஷன் கூட்டிய எஞ்சினை 34க்கு மேல் தள்ளாதீர்கள். அமெரிக்க பெட்ரோல் பங்கில் இருக்கும் 87 என்ற ஆக்டேன் எண் நம் ஊர் பங்கின் 91க்கு ஏறத்தாழச் சமம், குழம்ப வேண்டாம்.

எண்ணெய் அழுத்தம் குறைவு

2000 ஆர்பிஎம்மில் 30 முதல் 70 பிஎஸ்ஐ போதும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஐடிலில் மட்டும் இறங்கினால், பேரிங்கைப் பார்க்கும் முன் எண்ணெயின் சூட்டைப் பாருங்கள். 250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கூலர் சிறியது. எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்தால் மேலே சொன்ன பம்ப் டயஃப்ரமுக்கும் பவர் வால்வுக்கும் திரும்புங்கள்.

திறன் கூட்டியபின் டிரைவ்

நீர் மேல் வழுக்கும் படகின் வேகம் திறனின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 390ஐ 500 ஆக்கினால் திறன் 28 விழுக்காடு கூடும், வேகம் 13 விழுக்காடுதான். 65 மைல் 73 அல்லது 74 ஆகும். பழைய 24 பிட்ச்சை விட்டுவைத்தால் எஞ்சின் எல்லை மீறிச் சுழலும், 26 அல்லது 27க்குப் போக வேண்டும். சாதாரண பிராவோ ஒன் மேல் கியர் அந்த இடத்தில்தான் விளிம்புக்கு வருகிறது. மெர்க்ரூசரைத் தயாரிக்கும் மெர்க்குரி தன் 525 குதிரைத்திறன் எஞ்சினோடு வலுவான எக்ஸ்ஆர் வகையைச் சேர்த்தது அதனால்தான். பழைய டிரைவிலேயே ஓட்டுவதானால் அலையில் ப்ரொப்பல்லர் வெளியே வரும்போது த்ராட்டிலைக் குறைக்கும் பழக்கம் வேண்டும். காற்றில் எகிறிய ஆர்பிஎம்மோடு தண்ணீரைத் தொடும் அந்த அடியில்தான் பல் உடைகிறது.

முதல் 5 மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு டிரைவ் எண்ணெயை இறக்குங்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் துடைத்துவிட்டுப் போடலாம். ஊசிபோன்ற துண்டு ஒன்று கிடைத்தாலும் மேல் உறையைத் திறக்க வேண்டும். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் சீல் கசிகிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் உறுமல் வந்தால் கிம்பல் பேரிங் அல்லது யூ-ஜாயின்ட். பெல்லோஸில் (மூட்டுகளுக்குள் தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் உறையில்) ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே புது பேரிங் போடுங்கள், துளை இருந்தால் புதியதும் சீக்கிரமே துருப்பிடிக்கும்.